மெழுகு அடைத்த துப்பாக்கி

போன வாரம் நான் வேலை பார்த்த பழைய நிலையத்திலிருந்து போன் வந்தது. புதிதாக வந்திருக்கும் உதவி ஆய்வாளர். நல்ல பிள்ளைதான், மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், உங்க வாய்ஸ் வேணும்."

விஷயம் இதுதான். கழுவெளிச் சதுப்பு ஏரி ஓரத்து ஊர்களில் உரிமம் இல்லாமல் இருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மறுபடியும் அறிவிக்கப் போகிறார்கள். இந்த முறை சும்மா கேட்கவில்லை. துப்பாக்கியைக் கொடுத்தால் கொல்லைக்கு சோலார் வேலி கொடுப்பார்கள். பன்றிக்குப் பயந்துதானே துப்பாக்கி வைத்திருக்கிறான், வேலி இருந்தால் துப்பாக்கி எதற்கு என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனை, குறை சொல்ல மாட்டேன். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். அந்த ஜனங்களுக்கு என் குரல் பழக்கம். நான் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் போதுமாம்.

"கேஸ் உண்டா?"

"கெடையாது மேடம். எழுத்துலயே குடுத்திருக்காங்க."

"பேரு?"

"ஃபார்ம் இருக்குது மேடம். பேரு, அட்ரஸ், ஆதார், ஒரு போட்டோ. வேலி குடுக்கணும்ல, அதுக்கு."

"அப்ப என் குரல் கெடையாது" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

பத்து நிமிடத்தில் மறுபடி கூப்பிட்டார். "ஏன் மேடம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். ஏன் என்று போனில் முழுசாகச் சொல்லி முடியாது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் படட்டும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், எனக்கு இனிமேல் எந்த மேலதிகாரியும் இல்லை.

நான் ரைட்டராக இருந்தவள். போலீஸ் நிலையத்தில் ரைட்டர் என்றால் புகார், பதிவேடு, நாட்குறிப்பு, பிடிபட்ட பொருள்களின் சாவி எல்லாம் கையில் இருக்கிற ஆள். பதவி தலைமைக் காவலர். ஜனங்கள் ஏட்டம்மா என்று கூப்பிடுவார்கள். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் வலை இருந்தது, கத்தி இருந்தது, சுவரில் மாதா படம் இருந்தது. துப்பாக்கியை முதல் முதலில் பார்த்தது பயிற்சிப் பள்ளியில்தான். அங்கே கற்றுக்கொண்டதில் பாதி மறந்துவிட்டது. ஒன்று மட்டும் மறக்கவில்லை. ஆயுதக் கிடங்கிலிருந்து வந்த துப்பாக்கி பழுது பார்க்கும் ஒரு வயதான ஆர்மரர் அரை நாள் எங்களுக்கு நாட்டுத் துப்பாக்கியைக் காட்டினார்.

நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்தும் குண்டும் வாய் வழியாகத்தான் போகும். பின்பக்கம் திறக்காது. அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. ஒரு கம்பியை வாய் வழியாக விட வேண்டும். தட்டி நிற்கிற இடத்தில் வாயருகே கம்பியில் கோடு போட வேண்டும். கம்பியை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழலின் வாயோடு சேர்த்து, குழலின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனி குழலின் அடிவரைக்கும் வந்தால் துப்பாக்கி காலி. நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. கரிமருந்து எத்தனை வருஷம் ஆனாலும் சாகாது என்றார் அவர். "துருப்புடிச்சதுன்னு சொல்லுவான், ஓடாதுன்னு சொல்லுவான், தாத்தா காலத்துதுன்னு சொல்லுவான். நீ கம்பியை மட்டும் நம்பு." இதுதான் அவர் சொன்னது.

அந்த நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். மரக்காணத்து உப்பளங்களுக்கும் கழுவெளிக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே போன இரண்டாம் வருஷம் ஓர் ஆய்வாளர் வந்தார். மேற்கே மலைப் பக்கத்துக்காரர். அவரைக் கெட்டவர் என்று எழுதினால் அது பொய். கெட்ட வார்த்தை பேச மாட்டார். யாரையும் கை நீட்டி அடித்து நான் பார்த்ததில்லை. எல்லோருக்கும் டீ வாங்கித் தருவார். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் முதலில் எழுந்து நிற்பார், பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாருவார், பிறகுதான் போனை எடுப்பார். போனில் தலை தெரியுமா? தெரியாது. ஆனாலும் வாருவார். அந்த ஆளை அதிலேயே புரிந்துகொள்ளலாம். கோபம் வந்தால் என்னை "ரைட்டர் அம்மா அவர்களே" என்பார். மற்ற நேரம் "ஏம்மா".

பக்கத்து வட்டத்தில் நிறைய துப்பாக்கி ஒப்படைத்தார்கள் என்று செய்தி வந்தது. ஐயா சீப்பை எடுத்துவிட்டார். "ஏம்மா, நம்ம ஏரியாவுல எத்தனை இருக்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தர்பூசணிக் கொல்லைகளில் பன்றி இறங்குகிறது, கழுவெளிக்குப் பறவை வருகிறது, துப்பாக்கி இல்லாமலா இருக்கும். ஆனால் கணக்கு யாரிடம் இருக்கும்?

ஐயாதான் அந்த ஏற்பாட்டைச் செய்தார். ஒரு கடைக்காரரிடம் பேசிப் பெரிய டார்ச் லைட்டுகள் வாங்கி வைத்தார், கொல்லைக் காவலுக்கு ஆகிற மாதிரி. ஒரு துப்பாக்கிக்கு ஒரு டார்ச். அறிவிப்புக்கு ஆண் குரல் வேண்டாம், ஏட்டம்மாவே பேசட்டும் என்றார். நான் ஆட்டோவில் உட்கார்ந்து நான்கு நாள் ஊர் ஊராகப் போனேன். சொன்னது இதுதான், இன்னும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது: "வீட்ல துப்பாக்கி இருந்தா ஸ்டேஷன்ல குடுத்துடுங்க. உங்க பேரு கேக்க மாட்டோம். ஊரு கேக்க மாட்டோம். ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். கேஸ் கெடையாது. இது நான் சொல்றேன், ஏட்டம்மா சொல்றேன்."

கடைசி வாக்கியம் காகிதத்தில் இல்லை. நானே சேர்த்தது. ஒரு டீக்கடையில் ஒரு ஆள், "போலீஸ் சொன்னா போதுமா, நீ சொல்றியா ஏட்டம்மா?" என்று கேட்டான். அதிலிருந்து சேர்த்துக்கொண்டேன்.

வந்தன. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒரு துப்பாக்கி, சவுக்குக் கட்டைக் கட்டுக்கு நடுவில். பிறகு சைக்கிள் பாரில் சாக்கு சுற்றி ஒன்று. ஒருவர் பேருந்தில் முருங்கைக்காய்க் கட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார், கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம், அதில் அவருக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றுக்கும் நான் கம்பி விட்டுப் பார்த்தேன், கோடு போட்டு அளந்தேன், அட்டை கட்டி நம்பர் போட்டேன், பதிவேட்டில் எழுதினேன். பெயர் என்ற இடத்தில் "தெரிவிக்கப்படவில்லை". இரண்டு துப்பாக்கிகளில் மருந்து இருந்தது. அவற்றைத் தனியாக மணல் வாளியில் வாய் கவிழ்த்து வைத்து, வெடிபொருள் ஆட்களை வரவழைத்து அனுப்பி வைத்தேன். பத்துவரை ஒரு குறையும் இல்லை. இதைத் திமிராகவே சொல்கிறேன்.

பதினோராவது துப்பாக்கியை ஒரு அம்மா கொண்டுவந்தார். உப்பளத்தில் வேலை. மத்தியான வெயில். தலையில் உப்பு மூட்டை, அதற்குள் துப்பாக்கி. முன்பு ஒரு முறை வேறொரு விஷயமாகப் புகார் கொடுக்க வந்தவர் என்பதால் எனக்கு முகம் தெரியும், பெயரும் தெரியும். அவர் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் அதை வைத்துக்கொண்டு இருக்கப் பயம் அவருக்கு.

மூட்டையை இறக்கி, உப்பைத் தள்ளி, துப்பாக்கியை எடுத்து மேசை மேல் வைத்தார். கையெல்லாம் உப்புத் தின்ற வெடிப்பு. டார்ச்சைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார்.

"ஏட்டம்மா, ஒண்ணு சொல்லணுங்க."

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

"இல்லீங்க, அந்தத் துப்பாக்கி..."

"அம்மா, நான் கேக்கவும் மாட்டேன், நீங்க சொல்லவும் வேணாம். யாருது, எவருதுன்னு வாயத் தொறக்காதீங்க. உள்ள பெரிய ஐயா இருக்காரு. கெளம்புங்க."

அவர் என்னையும் துப்பாக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார். அந்த அம்மாவைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு ஒரு பெருமை வேறு.

துப்பாக்கி நன்றாகத் துடைத்து வைத்திருந்த துப்பாக்கி. துரு இல்லை. வாயில் மெழுகு. மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி வழித்துவிட்டது போல, வெள்ளையாக, ஒரு விரல் கனத்துக்கு அடைப்பு. பின்பக்கம் பொறி தட்டும் கேப் வைக்கிற குமிழ் மேலும் மெழுகு. கம்பி உள்ளே போகவில்லை.

அப்போது ஐயா வெளியே வந்தார். அன்றைக்கே பத்திரிகைக்காரர்களை வரச் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியாது. வாசலில் மூன்று கேமரா. முற்றத்தில் ஈசிஆர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் வெல்டர், கேஸ் சிலிண்டரோடு. பெயர் சேகர் என்று வைத்துக்கொள்கிறேன். துப்பாக்கிகளை அடுக்கி வைத்துப் படம் எடுப்பது மட்டும் போதாது, அறுப்பதையும் காட்ட வேண்டும் என்று ஐயாவுக்கு யோசனை வந்திருக்கிறது.

"ஐயா, இதெல்லாம் ஆயுதக் கிடங்குக்கு அனுப்பணும். ஆர்மரர் பார்த்து எழுதித் தரணும். உத்தரவு வந்த பிறகுதான் அழிக்கணும்" என்றேன்.

"ரெண்டே ரெண்டு அறுக்கிறோம்மா. படத்துக்கு. மீதியை அனுப்பு."

"இதுல கம்பி போகல ஐயா. மெழுகு அடைச்சிருக்குது."

அவர் வாங்கிப் பார்த்தார். சிரித்தார். "எங்க ஊர்ல இது சகஜம்மா. இனிமே வேணாம்னு மூட்டை கட்டி வைக்கிறப்ப மெழுகு வெச்சு அடைப்பாங்க, பூச்சி போகாம. இதுதான் இருக்கறதுலயே சேஃப். இதையே மொதல்ல அறுக்கச் சொல்லு. பாக்கவும் பளிச்சுனு இருக்குது."

மெழுகைச் சுரண்டி எடுத்துக் கம்பி விட எனக்குக் கால் மணி நேரம் போதும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. வாசலில் கேமரா நிற்கிறது, ஐயா தலையை வாரிக்கொண்டு நிற்கிறார், நான் பதிவேட்டில் பதினோராம் நம்பருக்கு நேராக "காலி, பயன்பாட்டில் இல்லாதது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. என் கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு. பாத்தாச்சா என்று சேகர் கேட்டார், பாத்தேன் என்றேன்.

சேகர் குழலைக் கல் மேல் வைத்து, வாய்ப்பக்கத்தை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத்தில் நெருப்பைக் காட்டினார். குழல் சிவக்க ஆரம்பித்தது. சத்தம் வந்தபோது சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று எல்லோரும் ஓடினோம். புகை கலைந்த பிறகு பார்த்தால் சிலிண்டர் அப்படியே நிற்கிறது. சேகர் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் மூன்று விரல் இல்லை. சுற்றுச்சுவரில் சைக்கிள் பால்ரஸ் குண்டுகள் பதிந்திருந்தன. அவர் கத்தவில்லை. "ஏட்டம்மா, பாத்தேன்னு சொன்னீங்களே" என்றார். அவ்வளவுதான்.

சேகரைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு ஐயா கதவைச் சாத்தினார். போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றார். அன்று மட்டும் தலை வாரவில்லை.

"இதைக் குடுத்தது யாரு?"

"தெரியாதுங்க ஐயா."

"போலீசைக் கொல்லணும்னு லோடு பண்ணிக் குடுத்திருக்கான். சதி. கொலை முயற்சி, ஆயுதச் சட்டம், ரெண்டும் போடணும். சாயங்காலத்துக்குள்ள ஆளு வேணும். வாங்கி வெச்சது நீ. யாரு?"

"பேரு கேக்க மாட்டோம்னு சொல்லித்தான் வாங்கினோம் ஐயா."

"அது துப்பாக்கிக்கு. இது குண்டுக்கு."

"நான் மைக்குல அப்படிப் பிரிச்சுச் சொல்லலீங்க."

அவர் மெதுவாக, "ரைட்டர் அம்மா அவர்களே, யோசிச்சுப் பேசுங்க. ஆளு கெடைக்கலைன்னா தப்பு யாரு மேல வரும்?" என்று கேட்டார்.

"என் மேல வரும். பார்க்காம காலின்னு எழுதினது நான்."

"என் மேலயும் வரும்மா" என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். எனக்கும் பயம்தான். வெளியே வந்து நிலைய நாட்குறிப்பை எடுத்தேன். அதில் எழுதினால் கிழிக்க முடியாது, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் உண்டு. மணியைப் போட்டு எழுதினேன்: பதினோராம் எண் துப்பாக்கியைக் கம்பி விட்டுச் சோதிக்காமல் காலி என்று பதிவு செய்தது நான். மெழுகு அடைத்திருந்ததை ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் அறுக்கச் சொன்னார். கொடுத்தவர் யார் என்று கேட்கப்படவில்லை, அறிவிப்பின்படி.

அவர் அடுத்த வேலையை ஆரம்பித்தார். டார்ச். நான் பெயர் எழுதாவிட்டாலும் டார்ச்சின் அடியில் நம்பர் இருந்தது. கடைக்காரர் தன் கணக்குக்காக ஒன்று முதல் வரிசையாக ஒட்டிக் கொடுத்த சின்ன ஸ்டிக்கர். நான் வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். பதினோராம் நம்பர் டார்ச் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீடு. அவருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு காவலர்களை அனுப்பி வீடு வீடாக டார்ச் தேடச் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் நிலைய வாசலில் ஒரு உப்புச் சாக்கு கிடந்தது. யார் போட்டது என்று வாசல் காவலுக்கு நின்ற சென்ட்ரிக்குத் தெரியவில்லை. அவிழ்த்தால் டார்ச்சுகள். எண்ணினேன். பதினொன்று. எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. ஒன்றை அழுத்திப் பார்த்தேன். எரிந்தது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த பொருளில் பேட்டரியைக்கூட எடுக்கவில்லை அவர்கள்.

டார்ச்சைத் தேடுகிறார்கள் என்று ஊருக்குள் யார் சொன்னது என்று பின்னால் விசாரணையில் என்னிடம் கேட்டார்கள். தெரியாது என்றேன். அது பொய். மீன் கூடைக்காரி ஒருத்தியிடம் நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்போது எழுத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தேன். மாதா கோயில் வேப்பமரத்தடியில் அந்த அம்மா நின்றிருந்தார். எங்கள் கோயிலுக்கு வருகிறவர் இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்கள நான் பாக்கவே இல்ல. போங்க" என்றேன்.

"மறுபடியும் போங்கன்னே சொல்றீங்க." குரல் உயர்ந்துவிட்டது. "அன்னிக்கும் இப்படித்தான தொரத்தினீங்க? மருந்து போட்டு வெச்சிருக்குதுன்னு சொல்லத்தான நின்னேன்? வாயத் தொறக்காதன்னுட்டீங்க."

போகச் சொல்லி நீட்டிய கையை இறக்கினேன்.

"மெழுகு இருந்துச்சே, பாக்கலியா நீங்க? எங்க பக்கம் மருந்து போட்டாத்தான் மெழுகு வெப்பாங்க. உப்புக் காத்துல ஒரே ராத்திரில மருந்து ஈரமாயிடும். வாய்க்கும் கேப்பு வெக்கிற காதுக்கும் மெழுகு அடைச்சுட்டா மருந்து நனையாம இருக்கும். பன்னி வந்தா மெழுகத் தட்டிட்டுச் சுட வேண்டியதுதான். காலித் துப்பாக்கிக்கு எவனாவது மெழுகு செலவு பண்ணுவானா? இது கூடவா போலீசுக்குத் தெரியாது?"

தெரியாது. மலைப் பக்கத்தில் மெழுகு என்றால் மூட்டை கட்டிய துப்பாக்கி. இங்கே மெழுகு என்றால் சுடத் தயாராக இருக்கிற துப்பாக்கி. ஐயாவுக்கு அவர் ஊர் தெரிந்தது, எனக்கு என் குப்பம் தெரிந்தது, கழுவெளி ஓரம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒரு ஆள் எதிரில் நின்று சொல்ல வந்தபோது நான் விரட்டிவிட்டேன்.

"அந்த வெல்டருக்கு ரெண்டு பொண்ணாமே" என்றார். "நான் வந்து ஒத்துக்கிறேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். மனசு ஒரு நெலைல இல்ல ஏட்டம்மா."

"நீங்க உள்ள போனா அவரு வெரலு வந்துடுமா?"

"வராது."

"வாக்குக் குடுத்தது நான். தப்பா எழுதினதும் நான். நீங்க சொல்ல வந்தீங்க, நான் கேக்கல. உங்க மேல என்னா இருக்குது? வீட்டுக்காரரப் போய்ப் பாருங்க."

அவர் அழவில்லை. செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றார். குத்திக்காட்டித்தான் சொன்னார். சொல்லட்டும்.

அன்று மத்தியானமே பாண்டிச்சேரிக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பழம். சேகரின் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். சேகர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "வாங்க ஏட்டம்மா. உங்க மைக்குப் பேச்சுக்கு என் வெரலு." பிறகு தலையணைக்குக் கீழிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஐயா தட்டச்சு செய்து அனுப்பிய புகார். அடையாளம் தெரியாத நபர் சதி செய்து என்று போகிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"போட்டா கட்டாயம் ஆளப் புடிப்பாராம். யாரு ஏட்டம்மா குடுத்தது? எனக்கு மட்டும் சொல்லுங்க."

கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை அளவுக்கு வேறு யாருக்கும் இல்லை. ஆய்வாளரிடம் மறுத்தது சுலபம். இங்கே மறுத்தது சுலபம் இல்லை.

"சொல்ல மாட்டேன் சேகர். உள்ள மருந்து இருக்குதுன்னு சொல்லத்தான் அந்த ஆளு வந்துச்சு. நான் கேக்காம அனுப்பிட்டேன். அப்புறம் பாக்காம காலின்னு எழுதினேன். அதைப் படமெடுக்க அறுக்கச் சொன்னது ஐயா. இதுல புகார் குடுக்கணும்னா எங்க ரெண்டு பேரு மேல குடுங்க."

அவர் மனைவி ஜன்னலிலிருந்து திரும்பி, "குடுக்க மாட்டோம்னு நெனச்சுத்தான பேசுறீங்க?" என்றார்.

பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக் கட்டிலில் வைத்தேன். சேகரின் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு எழுத, சேகர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஐயா அனுப்பிய காகிதத்தை மடித்து ஆரஞ்சுத் தோலுக்குக் கீழே வைத்தார். புகாரை நான் கொண்டுபோகவில்லை. அவர்களையே மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பச் சொன்னேன். என் மேல் இருக்கும் புகாரை நானே தூக்கிக்கொண்டு போனால் யார் நம்புவார்கள்?

விசாரணை நடந்தது. ஐயாவை மாற்றினார்கள். பிறகு அவர் பதவி உயர்வும் வாங்கிவிட்டார் என்று கேள்வி. எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை, ஊதிய உயர்வு நிறுத்தம், வேறு மாவட்டத்துக்கு மாற்றம். தண்டனையில் எனக்கு வருத்தமில்லை. கம்பி விடாததற்கு அது குறைவுதான். ஆனால் உத்தரவில் "கொடுத்தவரின் அடையாளத்தை மறைத்தது" என்று இரண்டாவதாக ஒரு குற்றம் எழுதியிருந்தார்கள். அதற்கு நான் எழுதிய பதில் ஒரே வரி: "மறைக்கச் சொல்லி எனக்கு மைக் கொடுத்தது இதே துறை." அந்தப் பதில் இன்னும் கோப்பில் இருக்கும்.

கழுவெளி ஓரத்திலிருந்து அதன் பிறகு ஒரு துப்பாக்கியும் வரவில்லை என்று அந்த நிலையத்துக்காரர்கள் சொல்வார்கள். ஏன் வரும்? டார்ச்சைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த போலீசை அவர்கள் பார்த்துவிட்டார்கள். இப்போது டார்ச்சுக்குப் பதில் வேலி. ஸ்டிக்கருக்குப் பதில் ஆதார். டார்ச்சையாவது சாக்கில் கட்டித் திருப்பிப் போட முடிந்தது. ஆதார் நம்பரை எந்தச் சாக்கில் கட்டுவான்?

வேலி கொடுக்கப் பெயர் எதற்கு என்று கேட்கிறேன். துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கனைக் கொடு. டோக்கனில் துப்பாக்கியின் நம்பரை எழுதாதே. யார் டோக்கன் கொண்டுவந்தாலும் வேலியைக் கொடுத்து அனுப்பு. எவனாவது ஏமாற்றி இரண்டு வேலி வாங்கிவிடுவான் என்கிறார்கள். வாங்கினால் இரண்டு துப்பாக்கி கொடுத்திருப்பான். அதில் உனக்கு என்ன நஷ்டம்? வாங்கிய துப்பாக்கியை ஊருக்குக் காட்டாதே. படம் எடுக்காதே. நிலையத்தில் அறுக்காதே. மணலில் வாய் கவிழ்த்து வை, ஆர்மரர் வரும்வரை எல்லாத் துப்பாக்கியும் மருந்து போட்ட துப்பாக்கிதான் என்று நினைத்துக்கொள். கம்பி போகவில்லை என்றால் காலி என்று எழுதாதே, "தெரியவில்லை" என்று எழுது. தெரியவில்லை என்று எழுத போலீசுக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு கேள்வி மட்டும் கேட்டே ஆக வேண்டும். ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம் என்று நான் மைக்கில் சொன்னேனே, அது தப்பு. அந்தத் தப்புக்கு மூன்று விரல். கொண்டுவந்தவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "உள்ள மருந்து இருக்குதா?" என்று கேட்க வேண்டும். அவர் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசக் கூடாது. அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் அன்று போனிலேயே உதவி ஆய்வாளரிடம் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஃபார்ம எடுத்துட்டா பேசுவீங்களா மேடம்?"

"எடுத்துட்டேன்னு எழுத்துல காட்டுங்க. அன்னிக்கே பேசறேன்."

"மேல கேக்கணும் மேடம்."

"கேளுங்க. கேக்கறதுக்கு முன்னாடி தலை வாரிக்கங்க."

அவருக்கு அது புரியவில்லை. சிரித்து வைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மேடம், ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பதினோராவது... குடுத்தது யாருன்னு உங்களுக்கு நெசமாவே தெரியுமா?" என்றார். பழைய கோப்பைப் படித்திருக்கிறார் போலிருக்கிறது.

தெரியும். விசாரணை அதிகாரி கேட்டார், சொல்லவில்லை. விரல் போன மனிதர் கேட்டார், அவருக்கும் சொல்லவில்லை. உப்பளத்தில் வேலை செய்தவர், புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார், முன்பு புகார் கொடுத்தவர் என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அதை வைத்துத் தேடிப் பார்க்கலாம் என்று யாராவது நினைத்தால் தேடுங்கள். முப்பது வருஷம் ரைட்டராக இருந்தவள் நான். எதை எழுதினால் ஆளைப் பிடிக்கலாம், எதை மாற்றி எழுதினால் பிடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

பேர் கேட்க மாட்டோம் என்று நான் சொன்னேன். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன், அந்த வாக்கும் இருக்கிறது.